ஹெட்போன் ஆம்ப் வாங்கும் முன் ஒரு கணக்கு

ஒரு குறும்படத்துக்கு வசன எடிட்டிங் வேலை. வீட்டு மேசை, லேப்டாப், அந்த வாரம்தான் வந்து இறங்கிய புது ஹெட்போன் ஆம்ப். நாயகியின் குரல் நடுவில் நிற்காமல் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே கேட்டது. பதிவில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, நாற்பதுக்கும் மேற்பட்ட வசனங்களை ஒவ்வொன்றாக வலது பக்கம் தள்ளிச் சரிசெய்தேன். மறுநாள் மிக்ஸிங் தியேட்டரில் ஸ்பீக்கரில் ஓடவிட்டபோது அத்தனையும் வலது பக்கம் ஒதுங்கி நின்றன. "வசனம் ஏன் சென்டர்ல இல்ல?" என்று என்ஜினியர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு முழுக்க உட்கார்ந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். காரணம் பிடிபட இன்னும் ஒரு வாரம் ஆனது.

ஆம்ப் பழுதில்லை. என் ஹெட்போனுக்கு அரை வோல்ட் கூடத் தேவையில்லை. நான் வாங்கியதோ அதைப் போலப் பத்து மடங்கு வோல்ட் தரக்கூடியது, சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்று முடிவுசெய்யும் கெயின் சுவிட்சும் ‘ஹை’யில் இருந்தது. காது தாங்கும் அளவுக்குக் குறைக்க, வால்யூம் குமிழைத் தொடக்கத்திலேயே, கடிகாரத்தில் ஏழரை மணி காட்டும் இடத்தில், வைத்திருந்தேன். விலை குறைந்த ஆம்ப்களில் உள்ள சாதாரணக் குமிழுக்குள் இடது பக்கத்துக்கு ஒரு தடம், வலது பக்கத்துக்கு ஒரு தடம். திருகலின் அந்த முதல் பகுதியில் இரண்டும் சரியாக ஒத்துப்போவதில்லை. ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்கும். குமிழ் ஒன்பது, பத்து மணியைத் தாண்டிவிட்டால் வித்தியாசம் கரைந்துவிடும். நான் தாண்டவே இல்லை.

சென்னையில் சாலிகிராமம், வடபழனிப் பக்கம் டப்பிங் எடிட்டிங்கில் உதவியாளராகச் சேருகிறவர்கள், வீட்டிலிருந்து பாட்காஸ்ட் எடிட் செய்கிறவர்கள், ஒலிப்புத்தகம் படிக்கிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, கம்மி விலைல எந்த ஆம்ப் நல்லாருக்கும்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: உங்கள் ஹெட்போன் எது, அதற்கு எத்தனை வோல்ட் வேண்டும்? இதற்குப் பதில் தெரியாமல் ஆம்ப் வாங்கினால், என்னைப் போலத் தேவைக்கு மீறி வாங்குவீர்கள், அல்லது தேவையே இல்லாததை வாங்குவீர்கள்.

கணக்கு இதுதான்

ஹெட்போன் பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, ஓமில் தரப்படும் இம்பிடன்ஸ். மற்றொன்று சென்சிடிவிட்டி: ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. சில கம்பெனிகள் ஒரு மில்லிவாட்டுக்குப் பதிலாக ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போடுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுக்கத் தப்பாகும். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இலக்காக 110 டெசிபலை வையுங்கள். அந்தச் சத்தத்தில் யாரும் வேலை பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. நாம் சராசரியாக 70, 75 டெசிபலில்தான் கேட்போம். ஆனால் கதவு அறைகிற சத்தம், தாளவாத்தியத்தின் ஒரு அடி இவையெல்லாம் சராசரியைவிட 20 டெசிபல் எகிறும். தாழ்ந்த குரலில் பதிவான ஒரு பேட்டியைத் தூக்கிக் கேட்க வேண்டியிருந்தால் அதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த உச்சங்கள் நசுங்காமல் வருவதற்கான இடம்தான் இந்த 110.

பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோவை எடுத்துக்கொள்வோம். ஒலிக்கூடங்களில் நிறையப் புழங்குகிற ஹெட்போன். 32, 80, 250 என்று மூன்று ஓம் அளவுகளில் வருகிறது. 250 ஓம் மாடலின் சென்சிடிவிட்டி ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 110-ஐ எட்ட இன்னும் 14 டெசிபல் வேண்டும். பத்து டெசிபல் கூட்டப் பத்து மடங்கு மின்திறன், மூன்று டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு. அப்படியானால் 14 டெசிபலுக்குச் சுமார் 25 மில்லிவாட். அதை வாட்டாக்கி (0.025), ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் கிடைக்கும். 0.025 பெருக்கல் 250 என்றால் 6.25, வர்க்கமூலம் 2.5. ஆக, இந்த ஹெட்போனுக்கு 2.5 வோல்ட் வேண்டும்.

இதே கணக்கை ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸுக்குப் போடுங்கள். 38 ஓம், 99 டெசிபல். விடை 0.7 வோல்ட்டைத் தொடவில்லை. சோனி எம்டிஆர்-7506, 63 ஓம், 106 டெசிபல்: வெறும் 0.4 வோல்ட். எடிட்டிங் அறைகளில் சுருள் வயரோடு தொங்கிக்கொண்டிருக்கும் இந்த ஹெட்போனைப் பலமான ஆம்ப்பில் மாட்டினால், என் கதைதான் உங்கள் கதையும்.

ஓம் குறைவாக இருந்தால் ஓட்டுவது சுலபம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ என்ற பிளேனர் வகை ஹெட்போன் 25 ஓம்தான், ஆனால் சென்சிடிவிட்டி 91 டெசிபல். 110-ஐ எட்டச் சுமார் 80 மில்லிவாட் வேண்டும். 250 ஓம் டிடி 770-க்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு. வோல்ட் 1.4 போதும், ஆனால் கரன்ட் 56 மில்லியாம்பியர் இழுக்கும். அதைக் கொடுக்க முடியாத சின்ன சர்க்யூட்டில் மாட்டினால், சத்தம் ஏறும்போது பேஸ் அடியில் குரல் கரகரக்கும்.

உங்கள் லேப்டாப் எத்தனை வோல்ட் தருகிறது?

பெரும்பாலான லேப்டாப்கள் ஒரு வோல்ட்டை ஒட்டித் தரும். ஆப்பிளின் சின்ன யுஎஸ்பி-சி டாங்கிளும் ஒரு வோல்ட் தருகிறது. ஐரோப்பாவுக்கான பதிப்பில் மட்டும் அதில் பாதி. மேக்புக் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2021 முதல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோ, 2022 முதல் வந்த மேக்புக் ஏர் இரண்டிலும் ஜாக்கில் செருகிய ஹெட்போனின் ஓமை இயந்திரமே கண்டுபிடிக்கும். 150 ஓமுக்குக் கீழே இருந்தால் 1.25 வோல்ட் வரை, 150-க்கு மேலே இருந்தால் 3 வோல்ட் வரை கொடுக்கும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: 250 ஓம் டிடி 770-ஐயே தனி ஆம்ப் இல்லாமல் ஓட்டிவிடலாம்.

மற்ற லேப்டாப்காரர்கள் நேரடியாக அளந்துவிடலாம். ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் மலிவாகவே கிடைக்கும். ஆனால் ஆக மலிவான மாடல்களில் ஏசி வோல்ட்டுக்கு 200, 750 என்ற இரண்டு பெரிய அளவுகள் மட்டுமே இருக்கும். நம் வேலைக்கு 2 அல்லது 20 வோல்ட் ஏசி அளவு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை உருவாக்குங்கள். ஆம்ப்ளிட்யூட் என்ற இடத்தில் அதுவாக 0.8 போட்டிருக்கும், அதை 1 ஆக்குங்கள். மலிவு மீட்டர்கள் கரன்ட் லைனின் 50 ஹெர்ட்ஸுக்குத்தான் சரியாக அளக்கும் என்பதால் இந்த 50. ஹெட்போனைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, லேப்டாப் வால்யூமை முழுக்க ஏற்றி, டோனை ஓடவிடுங்கள். ஜாக்கில் ஒரு ஆக்ஸ் வயரைச் செருகி, மறுமுனையின் நுனியில் ஒரு கம்பியும் அடிப்பகுதியில் மற்றொன்றும் வைத்தால், மீட்டரில் தெரிவதுதான் உங்கள் லேப்டாப்பின் வோல்ட். நுனி இடது பக்கம், நடு வளையம் வலது பக்கம், அடிப்பகுதி பொது. என் பழைய லேப்டாப்பில் 0.93 வந்தது. ஐந்து நிமிட வேலை, பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். லேப்டாப் தருவது ஹெட்போன் கேட்பதைவிட அதிகம் என்றால், சத்தத்துக்காக ஆம்ப் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை நல்ல ஹெட்போனில் போடுங்கள். ஒலியில் பெரிய மாற்றத்தைத் தருவது ஹெட்போன்தான். ஆம்ப்புக்கு ஹெட்போன் விலையில் பாதிக்கு மேல் செலவழிக்க வேண்டிய நிலை தொடக்கக்காரருக்கு வரவே கூடாது என்பது என் கருத்து.

சத்தம் போதும், ஆனால் மவுஸை நகர்த்தும்போது காதில் ‘கீச்’ என்று மெல்லிய இரைச்சல் வருகிறதா? அது லேப்டாப்புக்குள் இருக்கும் ஒலிச் சில்லில் மற்ற சர்க்யூட்களின் குறுக்கீடு புகுவதால் வருவது. அதற்கு மருந்து, டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டாக்கை லேப்டாப்புக்கு வெளியே கொண்டுவருவது. சின்ன யுஎஸ்பி டாங்கிளே பெரும்பாலும் போதும். மூச்சுச் சத்தத்தையும் உதடு ஒட்டிப் பிரியும் ‘ப்ச்’சையும் பொறுக்கி எடுக்கிற வேலையில் இந்த இரைச்சல் பெரிய தொல்லை. எது பதிவில் இருக்கிறது, எது மெஷினில் இருக்கிறது என்று தெரியாமல் மண்டை காயும்.

மைக் வைத்துக் குரலும் பதிவு செய்கிறீர்கள் என்றால் ஆம்ப்பை மறந்துவிட்டு முதலில் ஆடியோ இன்டர்பேஸ் வாங்குங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் ஸோலோ போன்றவற்றில் 48 வோல்ட் ஃபேண்டம் பவர், டாக், ஹெட்போன் ஜாக், வால்யூம் குமிழ் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பிவரும் தாமதம் இல்லாமல் நேராகக் காதுக்கு வரும் வசதியும் உண்டு. தனி ஆம்ப்பில் அது கிடையாது. 250 ஓம் ஹெட்போன் மட்டும் சில இன்டர்பேஸ்களில் திணறும். அதற்கும் அதே வோல்ட் கணக்குதான்.

பெட்டியில் போட்டிருப்பதை எப்படிப் படிப்பது

கணக்குப் போட்டும் ஆம்ப் தேவை என்று வந்துவிட்டது. இப்போது பெட்டியில் பெரிய எழுத்தில் ‘1,000 மில்லிவாட்’ என்று இருக்கும். எத்தனை ஓமில் என்று தேடுங்கள். பெரும்பாலும் 32 ஓமில். 1 வாட் பெருக்கல் 32, வர்க்கமூலம் 5.66 வோல்ட். அதே வோல்ட் 250 ஓமில் சுமார் 128 மில்லிவாட் ஆகிறது. நமக்கு வேண்டியது 25. தாராளம். இதைவிடப் பெரிய எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுத்தால், வாங்குவது குமிழின் அந்த ஏழரை மணியைத்தான். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக்குக்கான எண்ணை மட்டும் விளம்பரத்தில் போட்டுவிட்டு, நம்மிடம் உள்ள சாதாரண ஜாக்கின் எண்ணைக் கீழே சின்னதாகப் போடும் வழக்கமும் உண்டு. சாதாரண ஜாக்கின் எண்ணைப் பாருங்கள். பேலன்ஸ்டு தொடக்கக்காரருக்குத் தேவையில்லை. அதற்குத் தனி வயர் வாங்கும் செலவும் சேரும்.

யுஎஸ்பி வயரிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கும் ஆம்ப்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது. யுஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது 2.5 வாட். அதற்குள்தான் டாக்கும் ஆம்ப்பும் இயங்க வேண்டும். நடுத்தர ஹெட்போன்களுக்கு இதுவே ஏராளம். மேசையில் ஒரு அடாப்டரும் குறையும்.

அடுத்து அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்ப்பின் பக்கம் இருக்கும் ஓம். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். ஏன் என்றால், ஹெட்போனின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சென்ஹைசர் எச்டி 600-ல் 300 ஓம் என்று எழுதியிருந்தாலும், கீழ் ஸ்தாயியில் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 500-ஐத் தாண்டும். ஆம்ப்பின் பக்கம் ஓம் அதிகமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் கூடி, மிருதங்கத்தின் தொப்பி பொய்யாகக் கனக்கும். அதை நம்பி மிக்ஸில் பேஸைக் குறைத்தால், மற்றவர்கள் வீட்டில் உங்கள் பாட்டு மெலிந்து கேட்கும். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்டீரியோவின் ஹெட்போன் ஜாக்கில் இது நடக்கும். அவற்றில் பலவற்றில் ஸ்பீக்கர் வயரிலிருந்தே ரெசிஸ்டர் போட்டு ஹெட்போனுக்கு எடுத்திருப்பார்கள். இப்போது வரும் மேசை ஆம்ப்களில் பெரும்பாலும் ஓரிரு ஓமுக்குள்தான்.

மலிவான ஆம்ப் சுத்தமாக ஒலிக்குமா என்ற பயம் பலருக்கு. அதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 2011-ல், பெயர் வெளியிடாத ஒரு என்ஜினியர் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்பை வடிவமைத்து, சர்க்யூட்டையும் அளவுகளையும் எல்லோருக்கும் திறந்துவைத்தார். விலை குறைந்த பாகங்களை வைத்தே காதுக்கு எட்டாத அளவுக்கு இரைச்சலைக் குறைக்கலாம் என்று அளந்து காட்டினார். மறு ஆண்டே எழுதுவதை நிறுத்தி மறைந்துவிட்டார். அவர் யார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை. 2012-ல் ஷீட் கம்பெனியின் மேக்னி 99 டாலருக்கு வந்தது. 2018-ல் ஜேடிஎஸ் லேப்ஸின் ஆட்டம், அதுவும் 99 டாலர். பிறகு ஃபியோ, டாப்பிங் போன்ற சீனக் கம்பெனிகள் டாக்கையும் ஆம்ப்பையும் ஒரே பெட்டியில் சேர்த்து அந்த விலைப் பக்கத்திலேயே கொடுக்கத் தொடங்கின. நாம் இன்று குறைந்த விலையில் வாங்குவதன் பின்னால் அந்த முகம் தெரியாத மனிதரின் உழைப்பும் இருக்கிறது. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மேசைக்கு முதல் ஆம்ப் என்றால் டாக்கும் ஆம்ப்பும் சேர்ந்த ஒற்றைப் பெட்டி, கெயினுக்கு ஒரு சுவிட்ச், கைக்கு வசமான ஒரு குமிழ். இதுவே என் பரிந்துரை.

நம் ஊர் கரன்ட்

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் ஆம்ப் வாங்கிவரச் சொல்லும் முன் அடாப்டரைப் பாருங்கள். மேக்னி, ஆட்டம் போன்றவை ஏசியை வாங்கி ஏசியையே குறைந்த வோல்ட்டில் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் ஓடுகின்றன. லேப்டாப் சார்ஜரைப் போல 100 முதல் 240 வோல்ட் வரை எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொள்ளாது. அமெரிக்காவுக்கான 115 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். பிளக்கை மட்டும் மாற்றும் கன்வெர்ட்டர் இதற்கு உதவாது. 230 வோல்ட் அடாப்டர் என்று கேட்டே வாங்க வேண்டும். வீட்டில் கிடக்கும் டிசி அடாப்டரை அதே பின் பொருந்துகிறது என்று செருகுவதும் ஆபத்து.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொன்று. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கரன்ட் போனதும் இந்த டிரான்ஸ்ஃபார்மர் முனக ஆரம்பிக்கும், அந்த முனகல் ஹெட்போனிலும் வரலாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. யுஎஸ்பியிலேயே ஓடும் ஆம்ப் என்றால் லேப்டாப் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

‘ம்ம்ம்’ என்று விடாத ஹம் வருகிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் லூப், ஆம்ப்பில் குறையில்லை. லேப்டாப், ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். எர்த் பின்னை உடைத்துப்போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பின் உங்கள் உயிருக்காக இருப்பது.

கடையில், வீட்டில்

கடைக்குப் போனால் உங்கள் ஹெட்போனையும், நீங்களே எடிட் செய்த ஒரு ஃபைலையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பளபளப்பான பாட்டில் எதுவும் தெரியாது. உங்களுக்குப் பழக்கமான ஒரு குரலில் ‘ஸ’ எங்கே குத்தும், மூச்சு எங்கே வரும் என்பது உங்களுக்கு மனப்பாடம். இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்காமல் கேட்காதீர்கள். ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். மல்டிமீட்டரும் 50 ஹெர்ட்ஸ் டோனும் இங்கேயும் உதவும்: இரண்டு ஆம்ப்பும் ஒரே வோல்ட் காட்டும்படி குமிழை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கெயினை ‘லோ’வில் வைப்பது. பிறகு ஒரே தடத்தில் பதிவான குரல் ஒன்றைப் போட்டு, குமிழை மெல்லத் திருகுங்கள். குரல் மூக்குக்கு நேராக நிற்க வேண்டும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்தால், லேப்டாப்பில் சத்தத்தைக் குறைத்துக் குமிழை மேலே ஏற்றுங்கள். அப்படியும் சாய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட், ஸ்பேஷியல் சவுண்ட் இரண்டையும் அணையுங்கள். வீடியோவுக்கு வேலை செய்கிறவர்கள் சாம்பிள் ரேட்டை 48,000 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆம்ப்பை ஆன் செய்யும்போதும் அணைக்கும்போதும் ‘டப்’ என்று ஒரு அடி வரலாம். ஹெட்போன் தலையில் இல்லாதபோதே சுவிட்சைத் தொடுவதைப் பழக்கமாக்குங்கள்.

ஆம்ப் வந்ததும் சத்தத்தைக் கூட்ட வசதி வந்துவிடும், கையும் தானாகக் குமிழுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வரையறைப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி. ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் ஹெட்போனோடு உட்கார்கிற நமக்கு அந்த 40 மணி நான்கைந்து நாளிலேயே தீர்ந்துவிடும். 75-க்குக் கீழே வேலை பார்க்கப் பழகுங்கள். இந்தத் தொழிலில் காது போனால் மாற்று வேலை தேட வேண்டியதுதான். எனக்குத் தெரிந்து இரவில் காதுக்குள் விசில் கேட்கிறது என்று தூங்க முடியாமல் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் செய்வது: காலையில், காது களைக்கும் முன், ஒரு வசனக் காட்சியைப் போட்டு, எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுகிற அளவுக்குக் குமிழை வைக்கிறேன். அந்த இடத்தில் குமிழின் மேலும் பெட்டியின் மேலும் சேர்த்து வெள்ளை டேப்பில் ஒரு கோடு. சாயங்காலம் பார்த்தால் கோடுகள் பெரும்பாலும் விலகியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு துளியாகக் கை ஏற்றியிருக்கும். அப்போது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கோட்டைத் திரும்பச் சேர்த்துவிட்டு, தெருமுனைக் கடைக்கு டீ குடிக்கக் கிளம்பிவிடுவேன்.